கணக்கு வகுப்புக்குப் போன பேட்மிண்டன் மட்டை

மகள் ஐந்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில். அன்று அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. ஆபீசில் தலைக்கு மேல் வேலை, வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஊருக்குப் போயிருந்த வாரம், அதற்கு நடுவில் பள்ளியிலிருந்து அழைப்பு. முன்பெல்லாம் எட்டாவது வரை யாரையும் நிறுத்த மாட்டார்கள். இப்போது விதி மாறிவிட்டது. ஐந்தாவதில் தேறாத பிள்ளைகளுக்கு லீவில் தனி வகுப்பு, அது முடிந்ததும் மறுதேர்வு, அதிலும் தவறினால் மறுபடி ஐந்தாவது. ஹெட்மிஸ்ட்ரஸ் இதை மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் பல அம்மாக்கள் காத்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மாடி கிளாஸுக்குப் போயிடுவாங்களாம்மா?"

அந்தப் பள்ளியில் ஆறாவதிலிருந்து மாடியில்தான் வகுப்பு. கீழ்த்தளம் சின்னப் பிள்ளைகளுக்கு. "நீயும் போவே," என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு, ஓனர் ஆன்ட்டி கீழே இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் ஒரு தண்ணீர் கேன் மேலே ஏற முடியாது. லீவில் பிள்ளை காலையில் எங்கே கிளம்புகிறாள் என்று அவர் கேட்க, என் கணவர் படியில் நின்றபடியே, "சமர் கேம்ப் ஆன்ட்டி, பேட்மிண்டன்," என்று சொல்லிவிட்டார். ஆம்பூரிலிருந்து இங்கே வந்து இத்தனை வருடமாகியும், யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் மட்டும் அவரை விடவில்லை. சொன்ன பிறகு மட்டை இல்லாமல் எப்படி? அன்று மாலையே போய் ஒன்று வாங்கி வந்தார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

ஆக, தினமும் காலை கணக்கு நோட்டு பைக்குள், மட்டை பைக்கு வெளியே. கேட்டைத் தாண்டும்போது ஆன்ட்டி, "சென்னாகி ஆடம்மா, நல்லா ஆடு!" என்று கன்னடத்திலும் தமிழிலுமாக வாழ்த்துவார். ஆட்டோவில் நான் காதில் ஆபீஸ் மீட்டிங்கை மாட்டிக்கொள்வேன். மைக்கை அணைத்துவிட்டு மகளிடம் வாய்ப்பாடு கேட்பேன். ஒருநாள் அணைக்க மறந்துபோய், என் மேனேஜர் உட்பட எல்லோரும் ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டார்கள்.

அவளுக்குப் பின்னம்தான் வினை. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவாள், மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டி. தோசையை வெட்டிக் காட்டினேன். "எனக்கு முழுசா ஒண்ணு சுடும்மா," என்றாள். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது. வேலைக்கும் போய், சமைத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பின்னமும் சொல்லித்தர என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

ஒருநாள் தண்ணீர் பாட்டிலை ஆட்டோவிலேயே விட்டுப் போய்விட்டாள். அதைக் கொடுக்க வகுப்பு வாசல் வரை போனேன். உள்ளே பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தது: பேட்மிண்டன் மட்டைகள், ஒரு கிரிக்கெட் பேட், உறை போட்ட கீபோர்டு, சக்கரம் வைத்த ஷூ. ஒரு பிள்ளையின் கழுத்தில் நீச்சல் கண்ணாடி தொங்கியது. அந்தப் பள்ளியில் நீச்சல் குளமே கிடையாது.

கணக்கு மிஸ் விவேக் நகரிலிருந்து பஸ் மாறி வருபவர், தமிழ்தான். நான் சுவரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"இங்க யாரும் ஃபெயில் இல்ல மேடம், எல்லாரும் கேம்ப்புக்குத்தான் வராங்க," என்றார். அவர் குரலிலும் என்னுடைய அதே களைப்பு. லீவு அவருக்கும்தான் போயிருந்தது. "உங்க பொண்ணு கேள்வி கேக்குறா. கிளாஸ்ல கேட்டதே இல்ல, இங்க கேக்குறா. வந்துடுவா."

அன்று திரும்பும்போது மகளின் மட்டையைக் கவனித்தேன். கைப்பிடியில் சுற்றிய பாலிதீன்கூடப் பிரிக்கவில்லை.

"ஃபெயிலாயிட்டா, வருஷம் பூரா ஆன்ட்டிகிட்ட என்னம்மா சொல்றது?" என்று கேட்டாள். மறுதேர்வைவிட இந்தக் கவலைதான் பெரிதாக இருந்திருக்கிறது அவளுக்கு. நான் மீட்டிங் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன்.

மறுதேர்வு முடிந்தது. அடுத்த வாரம் மிஸ்ஸே போன் செய்தார், பாஸ் என்று. பாஸ் மார்க்கைத் தொட்டுத் தாண்டிய பாஸ்தான். மகள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். எனக்குக் குதிக்கத் தெம்பில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கணவர் ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். வாங்கியதைக் கீழே கொடுக்காமல் எப்படி இருப்பது? மூவருமாக இறங்கினோம்.

"ஏனு விசேஷ, என்ன விசேஷம்?" என்று ஆன்ட்டி ஒரு துண்டை எடுத்தார்.

கணவர் முந்திக்கொண்டார். "கேம்ப் முடிஞ்சுது ஆன்ட்டி. பாப்பாவுக்குக் கப் குடுத்திருக்காங்க."

"அய்யோ, சூப்பர்! கப் எல்லி, எங்க? கொண்டு வா பாக்கலாம்."

மகளின் முகம் வாடிவிட்டது. கப் இல்லாதது அல்ல காரணம். லீவு முழுக்கத் தேய்ந்து அவள் சம்பாதித்தது ஒரே ஒரு பாஸ், அதையும் அப்பா எடுத்து ஒளித்துவிட்டார். இதைத் தடுக்காமல் நின்ற என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"கப் இல்ல ஆன்ட்டி. எனக்கு பேட்மிண்டனே வராது. நான் கணக்குல ஃபெயில் ஆயிட்டேன். லீவு பூரா ஸ்பெஷல் கிளாஸ் போனேன். திரும்ப எழுதி பாஸ் பண்ணிட்டேன். இந்த ஸ்வீட் அதுக்குத்தான்."

கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி கையிலிருந்த துண்டை மெதுவாகத் தின்று முடித்தார்.

"கேம்ப்புக்குத் தின்னாச்சு," என்றார், மகளிடம் கையை நீட்டியபடி. "பாஸுக்கு இன்னொண்ணு குடு."