அந்தோனியாருக்கு நேர்ந்த கோழி

எங்கள் சிவப்புக் கோழிக்கு ஒரு கால் ஏலாமல் போனபோது, மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த என் மனுசன் ஒரே பேச்சாகச் சொன்னார்: "உமக்கேன் கரைச்சல்? கறி வையும்."

நான் ஈர்க்கு வைத்து, வலைநூலால் காலைக் கட்டினேன். குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் சாக்கு விரித்துப் படுக்கவிட்டேன். அதுவும் போதாதென்று, கால் சுகமானால் கோழியையே அந்தோனியார் கோயிலுக்குத் தருவதாக நேர்ந்துவிட்டேன்.

கோழி நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கியது. அப்போதுதான் என் மடத்தனம் விளங்கியது. நேர்ந்ததைக் கொடுக்காமல் இருக்க ஏலாது. கோயிலுக்கு வரும் கோழிகளைத் திருநாளன்று ஏலம் விடுவார்கள். எடுக்கிறவர்கள் அன்றைக்கே சட்டியில் போட்டுவிடுவார்கள்.

திருநாளன்று கோழியைக் கொடுத்தேன். ஏலத்தைப் பார்க்க நிற்காமல் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

மத்தியானம் படலை திறந்தது. இவருடைய கையில் என் கோழி.

"ஏன் எடுத்தனீங்கள்?"

"கறிக்குத்தான்."

சொல்லிக்கொண்டே குந்தியிருந்து, ஏலத்துக்காக அதன் காலில் கட்டியிருந்த கயிற்றை நோகாமல் அவிழ்த்தார். பிறகு சாக்கை உதறி, பழைய மூலையிலேயே விரித்தார்.

அந்தக் கறி இன்னும் வைக்கவில்லை. இப்போதெல்லாம் இவர் சொல்வதை நான் பெரிதாகக் காதில் வாங்குவதில்லை. கையைத்தான் பார்ப்பேன்.