கிராணி மாப்பிள்ளை

தமிழ் தெரிந்தவனுக்குப் பினாங்கில் ஒரு குறையும் வராது என்று சொல்லித்தான் என்னைக் கப்பலேற்றினார்கள். சொன்னவர்களில் ஒருவரும் பினாங்கைப் பார்த்ததில்லை. அதனால்தான் அவர்கள் பேச்சில் அவ்வளவு உறுதி இருந்தது.

முதல் உலகச் சண்டை முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காரைக்குடிப் பக்கத்துக்காரனான எனக்குச் சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் படுக்க இடம் கிடைத்தது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் எழுத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் ஆங்கிலக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரி தம்பி, நாளைக் காலையில் வந்துவிடு" என்றார். மற்றதெல்லாம் ஆங்கிலம், 'தம்பி' மட்டும் தெள்ளத் தெளிவான தமிழ்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கடல் கடந்து வந்த இரண்டொரு நாளில் ஒரு வெள்ளைக்காரர் என்னைத் தம் கூடப்பிறந்தவனாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். என் சொந்த அண்ணன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது. அன்று மாலையே ஊருக்கு எழுதிப் போட்டேன்: துரை என்னிடம் மிகுந்த பிரியமாக இருக்கிறார், தம்பி என்றே அழைக்கிறார் என்று. அதை என் மாமா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் எனக்குத் தாய்மாமா, மாமனாரும் அவரேதான்.

மறுநாள் காலை, அண்ணன் துரை தந்த தைரியத்தோடு ஆபீசுக்குள் நுழைந்தேன். பெரிய மேசையின் பின்னால் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை, மீசை இல்லாத முகம். பார்த்தாலே என்னைவிட நாலைந்து வயது இளையவர். நம் ஊர் முகமாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், "தம்பி, நான் எங்கே உட்காரணும்?" என்று கேட்டேன்.

ஆபீசில் பேனாக்கள் நின்றுவிட்டன. அவர் மெதுவாக எழுந்தார்.

"யாரைப் பார்த்துத் தம்பின்றீங்க?"

"உங்களைத்தான் தம்பி."

"தம்பின்னா யாருன்னு தெரியுமா? அதோ போறாரு பாருங்க, அவருதான் தம்பி!" என்று கையை நீட்டினார். அவர் காட்டிய பக்கம், அறுபது வயதுக்குக் குறையாத ஒரு நரைத்தாடிக்காரர் தண்ணீர்ச் சாடியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். "தண்ணி கொண்டு வர்றவன், துரைக்குச் சாப்பாடு வாங்கப் போறவன், அவனுக்குத்தான் இங்க தம்பின்னு பேரு. நான் பெரிய கிராணிலா!"

துரை நேற்று என்னை எந்த உறவு முறையில் அழைத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தத் துக்கத்தைவிடப் பெரிய திகைப்பு அந்தக் கோட்டுக்காரரின் கடைசி வாக்கியத்தில் இருந்தது. அதன் வாலில் தொங்கிய 'லா' அந்த ஊர்ப் பேச்சு என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் கிராணி என்றால் வயிற்றுக் கழிச்சல். அதுவும் சாதாரணக் கழிச்சல் இல்லை. வந்தால் லேசில் போகாது, ஆளை உருக்கிவிடும். இவ்வளவு கோட்டும் டையும் போட்ட மனிதர், இத்தனை பேர் நடுவில் தம் வியாதியை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறாரே என்று எனக்கு மனம் இளகிவிட்டது. "உட்காருங்க சார், நிக்காதீங்க" என்றேன். அது என் பணிவு என்று எடுத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

அந்தச் சீமையில் கிராணி என்றால் கணக்கும் கடிதமும் எழுதும் உத்தியோகஸ்தர் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துகொண்டேன். நானும் ஒரு கிராணிதான், சின்னக் கிராணி. ஊருக்கு மட்டும் அதை எழுதவில்லை.

அந்த ஆண்டு எனக்கு இப்படியே போயிற்று. பலகாரம் விற்கும் ஒரு மலாய்க்கார அம்மாள் என்னைக் 'கெலிங்' என்று வாய் நிறையக் கூப்பிட்டு, எப்போதும் ஒரு பலகாரம் கூடுதலாகத் தருவாள். ஏதோ செல்லப் பெயர் போல என்று நானும் பல்லைக் காட்டி வாங்கித் தின்பேன். மாடியில் என்னோடு தங்கியிருந்தவர்கள் கேட்டுவிட்டுக் கொதித்தார்கள். "அது நம்மளக் கேவலப்படுத்துற வார்த்தை, ரோசம் இல்லையா?" என்றார்கள். ஊரில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. கேட்காத சொல்லுக்கு எப்படி ரோசப்படுவது? அதே சொல் அந்த ஊரில் ஒரு பெரிய பள்ளிவாசலின் பெயரிலும் இருந்தது. அங்கே அதற்கு மரியாதை, தெருவில் முகத்துக்கு நேரே வந்தால் கைகலப்பு. எந்த இடத்தில் கோபப்பட வேண்டும் என்பதை நானும் படிப்படியாகக் கற்றுக்கொண்டேன். கற்றபின் பலகாரம் மட்டும் குறைந்தது.

ஓராண்டு கழித்து மாமா கப்பலில் வந்து இறங்கினார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பெரிய தகர டின். டின்னில் முறுக்கு, என் அண்ணன் துரைக்கு! துரை ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, பல்லைத் தடவிக்கொண்டே நன்றி சொன்னார். மாமா வந்த உண்மையான காரியம் வேறு. அவருடைய இரண்டாவது மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் ஆபீசில் கல்யாணமாகாத ஒருவர் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார் என்று நான் எழுதியிருந்தேன். பெரிய கிராணியேதான். பினாங்கில் பிறந்து வளர்ந்தவரானாலும் எங்கள் சனம். அவர் அப்பா கப்பலில் வந்தபோது எதை எதையோ தொலைத்தாலும் சாதியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டத்தோ கிராமாட்டில் அவர் வீட்டுக்குப் போனோம். பலகை வீடு, பளிச்சென்று இருந்தது. அவருடைய அம்மா தேநீரும் பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். வழியிலேயே மாமாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்: அவரைத் தம்பி என்று மட்டும் கூப்பிட வேண்டாம் என்று. கிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதற்குள் என் காதுக்கு அந்தச் சொல் அவ்வளவு பழகிவிட்டிருந்தது.

"தம்பிக்கு என்ன உத்தியோகம்?" என்று மாமா ஆரம்பித்தார்.

பெரிய கிராணியின் தாடை இறுகியது. பெண்ணைப் பெற்றவர் என்பதால் விழுங்கிக்கொண்டார். "நான் பெரிய கிராணி" என்றார்.

மாமாவின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "என்னது?"

"கிராணிலா. எட்டு வருஷமா. முதல்ல சின்னதுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷந்தான் பெருசாச்சு."

"எட்டு வருஷமாவா! எப்படித் தாங்குறீங்க?"

"பழகிப்போச்சு. காலையில எட்டு மணிக்கு உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிக்கிறது. ஞாயித்துக்கெழமை மட்டும் கெடையாது."

"மாமா, அது வந்து..." என்றேன் நான், வாயில் பலகாரத்தோடு.

"நீ சும்மா இருப்பா." மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல வேற யாருக்கும் உண்டா?"

"எங்க அப்பாவுக்கும் இதுதான். கடைசி வரைக்கும் கிராணியாவே இருந்து செத்துப்போனாரு."

கதவோரத்திலிருந்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருக்கு இருந்தது மகனுக்கும் வந்துச்சே, அதைப் பார்க்க அவருக்குத்தான் குடுத்து வைக்கலை."

மாமா நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "துரைக்கு இது தெரியுமா?"

"துரைதானே குடுத்தாரு!"

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, ஒரு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார். ஆனாலும் நல்ல மனிதர். கைவைத்தியம் கொஞ்சம் தெரிந்தவர். எங்கே போனாலும் மடியில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அதை எடுத்துப் பெரிய கிராணியின் கையில் வைத்து அழுத்தினார். "மாதுளந்தோல் பொடி. காலையில வெறும் வயித்துல மோர்ல கலந்து குடிங்க தம்பி. ஒரே வாரத்துல கிராணி இருந்த இடம் தெரியாமப் போயிடும்."

பெரிய கிராணி எழுந்துவிட்டார். "கிராணி போறதுக்கு மருந்தா? என் வேலையைத் தூக்குறதுக்கா வந்தீங்க? சூனியம் கீனியம் வைக்கிறீங்களா?" என்று கத்தினார். "அந்த வேலை மேல இவரு கண்ணு வச்சிருக்காருலா!" என்று என் பக்கமும் திரும்பினார். பொட்டலம் பறந்துபோய் வாசலில் விழுந்தது. செருப்பு மாட்டிக்கொள்ள எங்களுக்கு அவகாசம் கிடைத்ததே பெரிய விஷயம்.

தெருவுக்கு வந்ததும் மாமா, "ஏப்பா, என் ரெண்டாவது மக மேல உனக்கு என்ன கோபம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க அவர் இன்னும் கலங்கினார். ஒரு மரத்தடியில் நிறுத்தி, இங்கே கிராணி என்றால் எழுத்தர் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. "எழுத்து வேலை செய்யிறவனுக்குக் கழிச்சல்னு பேரு வைப்பானா ஒருத்தன்?" என்றார். சூலியா தெருவுக்குத் திரும்பியதும் கீழ்க்கடை முதலாளியிடமே நேராகக் கேட்டேன். "அண்ணே, எனக்கு என்ன வேலைன்னு இவருக்குச் சொல்லுங்க."

"நீங்க கம்பெனியில கிராணிலா" என்றார் முதலாளி, சீனியை எடை போட்டபடியே.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், உனக்குமா என்ற கேள்வி ஒரு நொடி வந்து போனது. பிறகுதான் குழப்பம் தீர்ந்து, கடை வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆபீசில் பெரிய கிராணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க ஊர்ல கிராணின்னா... அதுவா?"

"அதேதான் சார்."

"அப்போ மொதல் நாளே உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"ஒரு வருஷமா ஆபீஸ்ல எல்லாரும் என்னைப் பெரிய கிராணி பெரிய கிராணின்னு கூப்பிடுறப்போ, நீங்க மனசுக்குள்ள..."

"வேலை செய்துட்டிருந்தேன் சார்" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் வாயின் ஓரம் லேசாகத் துடித்தது. அந்த ஓராண்டில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்புச் சாயல் அதுதான்.

வீட்டில் அவர் தம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். தம் வீட்டுக்காரரைப் பற்றித் தாமே சொன்னதை நினைத்து நினைத்துச் சிரித்தாராம். "வந்த மனுசன், நோயாளின்னு நெனைச்சும் மருந்து குடுத்துட்டுத்தானே போனாரு. அந்த வீட்டுப் பொண்ணையே எடுப்போம்" என்று முடிவும் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு மாமா வெற்றிலை பாக்கோடு போய், வாசலிலேயே "மன்னிக்கணும் சார்" என்றார். மருமகனாகப் போகிறவரைச் சார் என்று அழைத்த மாமனார் எங்கள் வம்சத்தில் அவர் ஒருவர்தான். இந்தச் சம்பந்தத்தால் பெரிய கிராணி எனக்குச் சகலை ஆனார். மூத்தவளைக் கட்டியவன் என்ற முறையில் அவரைத் தம்பி என்று கூப்பிடும் உரிமையும் எனக்கு வந்து சேர்ந்தது. உயிர்மேல் ஆசை இருந்ததால் நான் அதைப் பயன்படுத்தவில்லை.

சண்டை மறுபடி வந்தது கல்யாணப் பத்திரிகையில். பினாங்கு கம்பெனி பெரிய கிராணி என்று தம் பெயரோடு கட்டாயம் அச்சடிக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. இது தம் அப்பா காலத்திலிருந்து வந்த கௌரவம் என்றார். மாமா கையைக் கூப்பினார். "அப்படிப் போட்டா ஊர்ல பாதிப்பேரு வரமாட்டான். வர்ற பாதியும் உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடமாட்டான்" என்றார். அந்த வாரம் முழுவதும் நான் டத்தோ கிராமாட்டுக்கும் சூலியா தெருவுக்கும் சமாதானத் தூது போய்வந்தேன். கடைசியில் 'உத்தியோகஸ்தர்' என்று முடிந்தது. அது கேட்பதற்குச் சுவையில்லாத சொல்தான், ஆனால் எந்தக் கரையிலும் யாருக்கும் வயிறு கலங்காது.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை முதல் தடவையாக இந்தியாவுக்குப் போனார். இருவருக்கும் ஒரே சமயம் லீவு தர முடியாது என்று துரை சொல்லிவிட்டதால் அவர் வேலையையும் சேர்த்து நான் இங்கே பார்த்தேன். அங்கே நடந்ததை என் மனைவி எழுதித்தான் தெரியும். ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து, வாங்க தம்பி, உக்காருங்க தம்பி, இன்னும் ரெண்டு அப்பளம் போட்டுக்குங்க தம்பி என்று ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டதாம். முதல் நாள் ஒவ்வொரு தடவைக்கும் அவர் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டாராம். இரண்டாம் நாள் அந்தச் சிலிர்ப்பு இல்லையாம். மாமா மட்டும் ஒரு நொடிகூட அவரைத் தனியே விடவில்லை. யாராவது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று வாயெடுத்தால் போதும், அவர் உதடு பிரிவதற்குள் மாமா குறுக்கே விழுந்து பதில் சொல்லிவிடுவாராம். மாப்பிள்ளை ஊமையோ என்று பெண் வீட்டுக் கிழவிகள் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அவர்கள் திரும்பிவந்த அன்று துறைமுகத்துக்குப் போயிருந்தேன். கோட்டு கசங்கியிருந்தது, டையைக் காணோம், நன்றாகச் சதை போட்டிருந்தார். பின்னால் என் மச்சினி கூட்டத்தை மிரண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்தார்.

"உங்க ஊர்ல ஒருத்தருக்கும் மரியாதையே தெரியலைலா" என்றார். கொஞ்சம் யோசித்து, "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு ஒரு ரிக்ஷாவைக் கூப்பிட்டு, மனைவியை ஏற்றி உட்காரவைத்து, தாமும் ஏறிக்கொண்டார். மூன்றாவது ஆளுக்கு அதில் இடமில்லை. பெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு, "டத்தோ கிராமாட்டுக்கு நடந்தே வந்துடுங்க தம்பி" என்றார்.