பின் படிக்கட்டுக்கு ஒரு போர்டு

பள்ளிக்கூடங்களில் பாதுகாப்பு பார்க்கப் போகிறவனுக்கு டீ உடனே கிடைக்கும், சாவிதான் கிடைக்காது. தீயணைப்பு சிலிண்டர், வயரிங், படிக்கட்டின் அகலம் எல்லாம் பார்த்து, அதிகாரி சோதனைக்கு வருமுன் பள்ளியைத் தயார் செய்வது என் வேலை. மும்பை செம்பூரில் பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் நான். வீட்டில் தமிழ் பேசுகிறேன் என்ற ஒரே குற்றத்துக்காகத் தமிழ்ப் பள்ளிகளையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். டேப்பைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கும் சகாக்களே, தாராவியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பீரோவில் சிலிண்டர்

நுழைந்ததும் சிலிண்டர் எங்கே என்று கேட்டேன். பியூன் சுடலைமுத்து அண்ணன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெருமையாக ஆபீஸ் அறைக்கு அழைத்துப்போய் இரும்பு பீரோவைத் திறந்தார். ஐந்து சிலிண்டரும் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றன. சுவரில் அல்லவா மாட்டியிருக்க வேண்டும் என்றேன்.

"வெளிய மாட்டுனா பயலுவ அமுக்கிப் பாத்துருதானுவ சார். இங்கன ஏக்தம் பத்திரமா இருக்கு. தீப்பிடிச்சா ஆபீஸ் டைம்ல வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க!"

பூட்டு

மூன்றாவது மாடியில் நாலு வகுப்புகள். தீப்பிடித்தால் அந்தப் பிள்ளைகள் இறங்குவதற்கென்றே ஒரு பின் படிக்கட்டு உண்டு. அதன் கதவில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் உடைந்த பெஞ்சுகள், அவற்றின்மேல் ஆண்டு விழா ராஜாவின் சிம்மாசனம். ஏன் பூட்டினீர்கள் என்று தலைமையாசிரியை எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன்.

"திறந்து வச்சா பிள்ளைங்க அது வழியா வெளிய ஓடிருதுங்க சார்!"

பெயின்டர்

படிக்கட்டு சரியில்லை என்றால் மூன்றாவது மாடியையே மூடிவிடுவார்கள் என்றதும் டீச்சரின் முகம் மாறியது. நாலு வகுப்பும் மெயின் ரோட்டைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் பெண் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள், படிப்பு அதோடு நின்றுவிடும் என்றார். மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே பெஞ்சைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

சிலிண்டர்கள் சுவரேறின, பூட்டும் கழன்றது; மிச்சம் இருந்தது ஒரு போர்டுதான். பிள்ளைகள் வாசிக்கிற மொழியில் இருக்க வேண்டும். குர்லாவிலிருந்து வந்த பெயின்டருக்கு இந்தியும் மராத்தியும்தான் தெரியும். 'ஃபயர் எக்ஸிட்' என்பதை நானே தமிழாக்கிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். ஃபயர் என்றால் தீ, எக்ஸிட் என்றால் வெளியேறும் வழி. இதற்குப் போய் ஒரு புலவரைத் தேடுவார்களா? அவர் கொட்டை எழுத்தில் சிவப்பாக வரைந்து முடித்து, பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இந்தியில் சொன்னார்:

"தப்பிருந்தா இப்பவே சொல்லிடுங்க சாப், காஞ்சப்புறம் என்னைக் கேக்காதீங்க."

ஒத்திகை

அதிகாரி ஸ்டாப்வாட்சுடன் வந்தார். மராத்திக்காரர், சிரிக்காத மனிதர். மணி அடித்தது. மூன்றாவது மாடிப் பிள்ளைகள் வரிசையாகப் பின் படிக்கட்டுக்கு வந்தார்கள். போர்டை அண்ணாந்து பார்த்தார்கள். நின்றார்கள். அப்படியே திரும்பி முன் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அங்கே கீழ் மாடிப் பிள்ளைகளோடு முட்டிமோதினார்கள்; ஸ்டாப்வாட்ச் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்புத் தலைவியான ஆறாம் வகுப்புப் பெண்ணைப் பிடித்து, ஏனம்மா திரும்பினீர்கள் என்றேன்.

"தீ வெளியேறும் வழின்னுல்லா போட்டிருக்கு சார்! அது வாற வழியில நாங்க எப்படி போவோம்?"

இன்னொரு மணி

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். பிள்ளைகளுக்குப் பழக்கம் போதாது என்று சொல்லித் தப்பிக்கலாமா என ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதே வெட்கமாக இருந்தது. எழுதியவன் நான்தான், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை மணி அடிக்கச் சொன்னார்.

சுடலைமுத்து அண்ணன் ஸ்டூலில் ஏறி, 'தீ'யை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வந்தார்கள், வாசித்தார்கள், தடதடவென்று பின் படிக்கட்டில் இறங்கிப் போனார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டார். மூன்றாவது மாடி பிழைத்தது. கேட்டுவரை வழியனுப்ப வந்த எஸ்தர் டீச்சர் சொன்னார்:

"எங்க பிள்ளைங்களுக்கு நல்லா வாசிக்கத் தெரியும் சார். எழுதுறவங்கதான் பாத்து எழுதணும்."

பள்ளிக்கூடத்தைச் சோதிக்கப் போனவன் தமிழில் ஃபெயிலாகித் திரும்பியதை மட்டும் ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.