டாலாவில் போர்த்துக்கல் ராஜாவுக்கு இரண்டு மகன்கள்

அன்றைக்கு ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவில், மேஸ்திரியின் மரவீட்டுக்கு அடியில், கால்மரங்களுக்கு நடுவே இருந்தவர்கள் ஆறு பேர்: மேஸ்திரி, அவருடைய பர்மிய மனைவி, அவள் பெற்ற மூத்த மகன், ஊரில் கோயிலில் தாலி கட்டிய மனைவி பெற்று, அந்த மாதம்தான் கப்பலில் வந்து இறங்கிய இளைய மகன், கூத்துப் பழக்க வந்த அண்ணாவியார், பிறகு நான். மத்தளக்காரன் ஆற்றைக் கடக்கச் சம்பான் படகு கிடைக்காமல் ரங்கூன் கரையிலேயே நின்றுவிட்டான், அவனைச் சேர்க்கவில்லை. யாரையாவது விட்டால் மனத்தாங்கல் வருமோ என்ற பயத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். துறைமுகத்தில் மேஸ்திரியின் ஆட்களோடு அரிசி மூட்டை ஏற்றினேன். மெல்லிய குரல், மீசையும் சரியாக வளரவில்லை. அதனால் திருவிழாக் கூத்தில் எனக்கு வருஷாவருஷம் பெண் வேஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு வருஷம் போர்த்துக்கல் கதை எடுத்தோம். எங்கள் கடற்கரைக்குக் கிறிஸ்தவ வேதம் கொண்டுவந்த தேசம் என்று அந்த நாட்டு ராஜாவை எங்கள் ஆட்கள் சொந்தக்காரர் மாதிரி பேசுவார்கள்.

கதை இதுதான். பட்டத்து ராணிக்கு ஒரு மகன். இன்னொருத்திக்கும் ஒரு மகன். ராஜாவுக்கு அவன்மேல்தான் உயிர். முடி அவனுக்குப் போய்விடும் என்று பயந்து ராணி மகன் படை திரட்டுகிறான். தகப்பன் படையும் மகன் படையும் மோத நிற்கையில், ராணி கோவேறு கழுதையில் ஏறி நடுவே போய் நின்று சமாதானம் பண்ணுகிறாள். கடைசியில் ராணி மகனுக்கே முடி. நான்தான் ராணி.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ராஜா வேஷம் எப்போதும் மேஸ்திரிக்கு. கோயில் வாசலில் அவர் கையால் எவன் தலையில் முடி வைக்கிறாரோ, அவன்தான் அவருக்குப் பிறகு மேஸ்திரி. இவருக்கும் இவர் மாமா அப்படித்தான் வைத்தாராம். ஊரிலிருந்து புதிதாக வந்த அண்ணாவியாருக்கு இது தெரியாது. தாலி கட்டியவள் மகன்தானே என்று ராணி மகன் வேஷத்தை இளையவனுக்குக் கொடுத்துவிட்டார்; மற்றது மூத்தவனுக்கு. மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. ஊரிலிருக்கிற மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று தவித்தார்போல. மூத்தவனோ சிறுவயதிலிருந்து தகப்பனோடு மூட்டைக்கடியில் வளர்ந்தவன். அவன் பிழைப்பில் மண் விழப்போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒத்திகையில் யுத்தக் காட்சி வந்தது. இளையவன் மரக்கத்தியை நீட்டிப் பாடினான்: “அடிமை பெற்ற பிள்ளைக்கோ அரியாசனம்?”

தூணோரம் ராஜா அங்கிக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்த பர்மியத்தாயின் கை நின்றது. அவளுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

மூத்தவன் கத்தியைக் கீழே வைத்தான். “அண்ணாவியாரே, அந்த வரிய இன்னொருக்கா பாடச் சொல்லுங்க. எங்கம்மா காதுல சரியா விழல.”

“பாட்டுல உள்ளதத்தானலே பாடுறேன். நாத்த மீனு நாப்பி தின்ன வாய்க்கு ரோசத்தப் பாரு!” என்றான் இளையவன்.

“நீயும் நேத்து ரெண்டு உருண்டை தின்ன. எங்கம்மா கையால.”

அடி விழப்போகிறது என்று தெரிந்தது. இடுப்பில் மூங்கில் கழுதையைக் கட்டிக்கொண்டு நான் நடுவே ஓடினேன். பாட்டு அடியோடு மறந்துவிட்டது. “மேஸ்திரி, யாருக்குன்னு சொல்லிப்போடுங்க! நீங்க பேசாம இருந்தா இதுக ரெண்டும் அடிச்சிக்கிட்டுச் சாகும்!” என்று கத்திவிட்டேன். மேஸ்திரியை எதிர்த்துப் பேசினோமே, நாளைக்கு வேலை இருக்குமோ என்று அப்போதே பயம் பிடித்தது.

மேஸ்திரி இளையவனிடம் கேட்டார்: “ஒனக்கு என்ன வேணும்டா?”

அவன் தலை தொங்கியது. “இந்த ஊரு எனக்கு வேணாம்ப்பா. மூட்டையும் வேணாம். அம்மாதான் பிடிவாதமா அனுப்பிச்சிது. ஒரு தோணிக்கு முதல் குடுங்க, நம்ம ஊருக்கே போயிருதேன்.”

“எவ்வளவுடா?”

“முந்நூறு.”

மூத்தவன் தகப்பனை முந்திக்கொண்டான். “அப்பா பாதி குடுக்கட்டும். மீதி நான் ஒழைச்சு அனுப்புறேன்.”

அண்ணாவியார் பதறினார். “மேஸ்திரி, கதைய மாத்த முடியாது. ராணி மகனுக்குத்தான் முடி.”

“கதைய யாரு மாத்தச் சொன்னா? வேஷத்த மாத்தும்.”

பர்மியத்தாய் என்னைப் பார்த்து, “ராணி, கழுதை குத்திப் பாவாடை கிழிஞ்சு கெடக்கு, வா,” என்றாள். தைக்கும்போது கண் தெரியாமல் ஊசியை இரண்டு தரம் என் இடுப்பில் ஏற்றினாள்.

திருவிழாவன்று கோயில் வாசலில் மூத்தவன் தலையில் முடி ஏறியது. ராணியாகிய நான் மகன் கையைப் பிடித்து வாழ்த்தவேண்டிய இடம். ஆனால் அவன் கண் என்மேல் இல்லை, முன்வரிசையில் பூ வைத்து உட்கார்ந்திருந்த அவன் தாய் மேல் இருந்தது. நான் கையை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். அண்ணாவியார் திரைமறைவில் பல்லைக் கடித்தார்.

நிஜமான சரித்திரத்தில், முடி சூடிய மகன் தன் அண்ணன் தம்பியென்று பாராமல் மற்றவனை நாட்டைவிட்டு விரட்டி அவன் நிலத்தையும் பிடுங்கிக்கொண்டானாம். கூத்து முடிந்தபிறகு அண்ணாவியார் இதைச் சொல்லித் தொலைத்தார். அன்று பிடித்த கவலை என்னை விடவில்லை. இளையவன் நூற்றைம்பதோடு கப்பலேறினான். சம்பள நாள்தோறும் நான் மூத்தவனை மெல்லக் கேட்பேன்: “தம்பிக்கு அனுப்பியாச்சா?”

“ராணியம்மா விடாது போல!” என்று சிரிப்பான். பத்து, பதினைந்தாக அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். நான் ரங்கூனைவிட்டுக் கிளம்பிய வாரம் கேட்டபோது பாக்கி முப்பத்தைந்து ரூபாய்.