வெள்ளை ஒயினில் வந்த மருந்து வாடை

சுட்ட இறாலுக்கு எந்த ஒயின் சேரும் என்று வருகிறவர்களுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. கொச்சியில் கடலைப் பார்த்த ஓர் ஓட்டலில் வேலை. ஊரில் யாராவது கேட்டால், "ஓட்டல் ஆபீஸ்ல இருக்கா" என்று அப்பா சொல்லிவைத்திருக்கிறார். அவரை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். நானும் மறுப்பதில்லை. சிவகாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒயின் ஊற்றிச் சம்பாதிக்கிறாள் என்று தெரிந்தால் எத்தனை பேர் வாயை மூட முடியும்?

இறாலோ மட்டியோ நண்டோ, கரியில் சுட்டால் ஓட்டுக்குள் ஒரு தித்திப்பு ஊறும். அதற்குப் பக்கத்தில் புளிப்பான, ஜில்லென்ற வெள்ளை ஒயினை வைக்க வேண்டும். இனிப்பு ஒயினை வைத்தால் இரண்டு வாய்க்குமேல் திகட்டிவிடும். புளிப்பு ஒயின்களில் ஒரு வகைக்கு உரசிய தீக்குச்சி வாடை உண்டு. கருகிய ஓட்டோடு அது நன்றாகப் பொருந்தும். பயிற்சியில் முதல்முறை அதை முகரக் கொடுத்தபோது ஒருத்தர் எலுமிச்சை என்றார், இன்னொருத்தர் பச்சை ஆப்பிள் என்றார். எனக்கு அது அம்மாவின் சேலை வாடை. இன்றைக்கும் அந்த பாட்டிலைத் திறக்கும்போது பின்னால் யாரோ வந்து நிற்பதாகத் தோன்றும். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன்.

அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குழாயில் மருந்து செலுத்துகிற வேலை. வெடிக்குப் போடும் கலவையை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். கலந்தது அன்றன்றைக்குத் தீர்ந்துவிட வேண்டும். மிச்சம் வைத்து அதில் ஈரம் இறங்கினால் தானாகவே சூடேறும். அப்போது அழுகிய முட்டையும் தீக்குச்சியும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எங்கள் ஊரில் வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாடைக்குத்தான் பயம்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் அந்த வாடை வந்தது. அம்மா அறைக்குள் இருந்தாள். அதே கம்பெனியில் வேலை பார்த்த அய்யா அறைவாசலில் இருந்தார். அய்யா பிழைத்தார். "பொண்டாட்டியக் கூப்புடாமலே ஓடியாந்துட்டான்" என்று இழவு வீட்டிலேயே யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. உண்மையா என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. கேட்காமலே எரிந்து விழுவேன், குழம்பில் உப்பு கூடினால்கூட. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது?

போன மழைக்காலத்தில் லீவில் ஊருக்கு வந்தேன். தூத்துக்குடியிலிருந்து வரும் மீன்வண்டியில் பெரிய இறாலாகப் பார்த்து வாங்கினேன். ஒயின் என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வந்திருந்தது. கொல்லையில் செங்கல் அடுக்கி, பழைய கம்பிவலையைப் போட்டுக் கரி மூட்டினேன். அய்யா அடுப்புப் பக்கம் வருமுன் குனிந்து உள்ளங்கையைத் தரையில் அழுத்தினார். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று கம்பெனியில் பழகியது. அங்கே போவதை நிறுத்தி எத்தனையோ காலமாகியும் அதை மட்டும் விட்டபாடில்லை.

"இதத்தான் அம்புட்டு ஆசையாக் குடிக்கிறாகளாக்கும்?" என்று கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பார்த்தார்.

"மொதல்ல மோந்து பாருங்கய்யா. எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனேன்.

அவருக்கும் அம்மா நினைப்பு வரட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே டம்ளர் உடைந்தது. கூடவே அய்யாவின் குரல். "ஏ புள்ள! மருந்து சூடேறிருச்சு! போட்டுட்டு வெளிய வா!"

என்னை அவர் தாயி என்றுதான் கூப்பிடுவார். ஏ புள்ள என்பது அம்மாவுக்கு.

கொல்லையிலிருந்து பின்சந்துக்குப் போகிற கதவு அவர் முதுகுக்குப் பின்னால் திறந்துதான் கிடந்தது. அந்த வழியாக ஒரே எட்டில் வெளியே போயிருக்கலாம். அவர் வீட்டுக்குள் ஓடி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, வாசல் வழியாகத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவர்வரை இழுத்துக்கொண்டு ஓடினார். இருவரும் வெறுங்காலோடு நின்றோம். எதுவும் வெடிக்கவில்லை. இறால் கருகுகிற நாற்றம் மட்டும் வந்தது.

"அய்யா, அது ஒயினு. வேற ஒண்ணுமில்ல."

என் முகத்தையே பார்த்தார். யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று விளங்க அவருக்கு நேரமாயிற்று. இப்போது கேட்காவிட்டால் இனிமேல் கேட்கவே மாட்டேன் என்று தெரிந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் கூப்பிட்டீகளா?"

இல்லை என்று தலையசைத்தார். "வாய் வரல தாயி. காலு மட்டும் ஓடிருச்சு."

இத்தனை வருசமாக நான் பயந்த பதில் அதுதான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, அழுகைதான் வந்தது. அய்யாவின் கை இன்னும் என் மணிக்கட்டில் இருந்தது. விரல்கள் பதிகிற அளவுக்கு அழுத்தியிருந்தார்.

"அதுல இருந்து தெனமும் கனவுல உள்ள ஓடுறேன், தாயி. கத்திக் கூப்புடுறேன். கைய நீட்டுனா அங்கன ஆளு இருக்காது" என்றார். "இன்னைக்குத்தான் ஆளு கையில கெடச்சுச்சு."

வலித்தது. விடுங்க என்று நான் சொல்லவில்லை.