மணியடித்து வரும் மிஸி

ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்கிவிடுவார் மாகிரட். முன்னால் மாடுமில்லை, மனிதருமில்லை. போகவேண்டிய வீட்டின் படலை இன்னும் ஐம்பது யார் தூரம் தள்ளி இருக்கிறது. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது விற்றுவிட்டுப் போன சைக்கிள் அது. மணி ஊரையே எழுப்பும்.

"ஏன் மிஸி இந்தச் சத்தம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாராயப் போத்திலை ஒளிக்க நேரம் குடுக்க வேணாமே? வெக்கப்படுத்தினா அடுத்த கிழமை படலை திறக்காதுகள்."

மாகிரட் அரசாங்க மருத்துவிச்சி. பிள்ளையை நிறுக்கப் போகும் வீடுகளில் தகப்பனின் குடியையும் கவனிப்பது அவராக ஏற்றுக்கொண்ட வேலை. நேரே குசினிக்குப் போவார். அடுப்புச் சாம்பலில் கை வைத்துப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால் கேள்வி கேட்காமல் கஞ்சி வைப்பார்.

துறைமுக வாசலுக்கு எதிரிலேயே சாராயத் தவறணை திறக்க அனுமதி கொடுத்துவிட்டு, நாள் முழுக்க மூட்டை சுமந்தவன் அதற்குள் நுழைந்தால் அவனைப் பாவி என்கிறார்கள். என்ன நியாயம் இது! மூட்டை தூக்கும் ஹெக்டரின் கையில் மாமியார் மந்திரித்த நூல் கட்டிவிட்டதைக் கண்டு மாகிரட் சிரித்தார்.

"உந்த நூலுக்குக் குடி நிக்குமெண்டா, கப்பல் கட்டுற வடத்தையே கொண்டுவந்து உம்மைச் சுத்தியிருப்பனே, ஹெக்டர்!"

அவருடைய மருந்து வேறு. வேலை விடும் நேரத்துக்குத் துறைமுக வாசலில் போய் நிற்பார். "தராசு பாரமாக் கிடக்கு, எனக்கு ஏலாது. உம்மட வீடு வரைக்கும் கொண்டுவந்து தாரும்." பிள்ளை நிறுக்கும் தராசைத் தோளில் வைத்துக்கொண்டு ஹெக்டர் தவறணையைக் கடப்பான். "என்னடாப்பா, மருத்துவிச்சி உத்தியோகமோ?" என்று கூட்டாளிகள் கூவுவார்கள். இப்படியே ஆறு கிழமை, ஒன்றரை மாதம்.

வீட்டில் அவன் மனைவி இன்பமலர், பிள்ளையின் உடுப்புகளை ஒரு பையில் அடைத்துக் கதவடி ஆணியில் கொழுவி வைத்திருந்தாள். "இன்னொருக்கா குடிச்சிட்டு வரட்டும், அம்மா வீட்டுக்குக் குச்சவெளி பஸ் ஏறிடுவன்."

போன கிழமை ஹெக்டரே சொன்னான்: "மிஸி, இனி மணியடியாம வாங்கோ."

நேற்று நானும் கூடப் போனேன். முடக்கில் மாகிரட்டின் பெருவிரல் மணிக்குப் போய், தொடாமல் திரும்பியது. அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ஹெக்டர் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"மணி பழுதோ மிஸி?" என்று கண்ணடித்தான்.

பிள்ளை அரை இறாத்தல் கூடியிருந்தது. இன்பமலர் ஆணியிலிருந்த பையை எடுத்து, உடுப்புகளை அலுமாரிக்குள் வைத்தாள். வெறும் பையில் முருங்கைக்காய்களை நிரப்பிச் சைக்கிளில் கொழுவிவிட்டாள்.

படலையைத் தாண்டியதும், ஒழுங்கை முடியும்வரை மணியை விடாமல் அடித்துக்கொண்டே போனார் மாகிரட்.