சங்கிலிக்கும் குளியல் உண்டு

மற்றத் தொழிலுக்கெல்லாம் எதிரி எதிர்க் கடைக்காரன். எங்கள் தொழிலுக்கு எதிரி காற்று. தூத்துக்குடிக் காற்று பட்டால் ஜன்னல் கம்பி என்ன ஆகும், அரிவாள்மணை என்ன ஆகும் என்று கடலோரத்தில் குடித்தனம் நடத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றுக்கு நடுவில் நாங்கள் செயின் பிளாக் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறோம். பாரம் தூக்குகிற சங்கிலி, கப்பி, கொக்கி இவைதான் எங்கள் சொத்து. புதுத் துறைமுகம், உப்பளம், படகுக்கரை என்று எங்கே கூப்பிட்டாலும் சங்கிலியோடு எங்க வீட்டுக்காரரும் போவார். மாட்டுவதும் அவர்தான், தொங்குகிற பாரத்துக்கு அடியில் நின்று திருப்பி விடுவதும் அவர்தான். திரும்பி வருகிற சங்கிலியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்ப்பது என் வேலை. இடுப்பில் பிள்ளை, கையில் சங்கிலி. அவர் தலைக்கு மேலே தொங்கப்போவதை நான்தானே பார்த்து அனுப்புகிறேன் என்று நினைத்தால் சில நாள் சோறு இறங்காது.

கிணற்றடியில்

நான் பிறந்தது கொற்கைக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் பாய்கிற ஊர். எங்களுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில், துறைமுகத்திலிருந்து வந்த சங்கிலியைக் கழுவி வை என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். புது மருமகள் இல்லையா, வேலையைக் காட்டிவிட வேண்டுமே! பின்கட்டுக் கிணற்றில் வாளி வாளியாக இறைத்து, உழவு மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேய்த்துத் தேய்த்துக் கழுவி ஆணியில் மாட்டினேன்.

காலையில் பார்த்தால் சங்கிலி முழுக்கச் செம்மண் பூசியது போல் துரு. அவர் கோபப்படவில்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் கொடுத்து, குடித்துப் பார் என்றார். வாயில் வைக்க முடியவில்லை. கடல் தண்ணீருக்குத் தங்கச்சி அது. பக்கத்து வீட்டு லூர்து அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது:

“ஏளா, உப்பை உப்புத் தண்ணி வச்சா கழுவுவாவ?”

குழாயடியில்

நல்ல தண்ணீருக்குத் தெருக்குழாய்தான் கதி. அது எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. குடத்துக்குக் குடம் இடிபட்டுப் பிடிக்கிற தண்ணீரை நான் கொண்டுபோய் இரும்பின் தலையில் ஊற்றினால் தெருவில் சும்மா விடுவார்களா? இவள் வீட்டில் சங்கிலி தாகத்துக்குக் குடிக்குமாம் என்று ஒருத்தி. அடுத்த மாசம் அதற்குச் சீமந்தமாம் என்று இன்னொருத்தி.

நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் தண்ணீரில் பிள்ளைக்குக் குளியல், அந்தத் தண்ணீரிலேயே சங்கிலிக்கு முதல் குளியல். உப்பு போன பிறகு கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர். பயத்தம்மாவு மணக்கிற சங்கிலி இந்தத் துறைமுகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். ஒருநாள் குழாய் நின்றுவிட்டது. அந்த ஒரு குடத்துக்கும் வழியில்லாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, சமையலுக்கு வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தாள் லூர்து அக்கா. வேண்டாம் என்றேன். அதற்கு அவள்:

“இது ஒன் இரும்புக்கு இல்லளா. அதுக்குக் கீழ நிக்குத ஒன் மாப்பிள்ளைக்கு.”

கயிறு யார் கையில்?

தருவைகுளத்திலிருந்து ஒருவர் வந்தார், சங்கு குளிக்கிறவர். கரையில் ஏற்றிய படகிலிருந்து இஞ்சினைத் தூக்க வேண்டுமாம். வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லோரும் எத்தனை டன் தாங்கும் என்று கேட்பார்கள். இவர் ஒருவர்தான் சங்கிலியை யார் பார்த்தது என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த என்னைக் கை காட்டினார். ‘பொம்பிளையா’ என்று முகம் சுளிப்பாரோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் சிரித்தார். கடலுக்குள் இறங்கும்போது இடுப்புக் கயிற்றைக் கண்டவன் கையிலும் கொடுக்க மாட்டார்களாம். படகில் இருந்து அதைப் பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டுமாம். அவனுக்குத்தானே அக்கா தங்கச்சி தாலி மேலே கவலை! இதையெல்லாம் சொல்லிவிட்டு, எங்க வீட்டுக்காரரிடம் சொன்னார்:

“ஒமக்கு மச்சான் வேண்டாம் அண்ணே, தாலி கட்டிக்கிட்டவளே கயித்தப் பிடிச்சிருக்கா.”

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

வெள்ளிப் பெயிண்ட்

உப்பளத்து அண்ணாச்சி ஒருவர் உண்டு. எங்கள் வீட்டு உலையில் பாதி அரிசி அவர் தருகிற வேலையில் வருவது. அளத்தில் பம்பு இறக்க, ஏற்ற, எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் வருவார். ஒரு தடவை ஒரு மாசம் போல வைத்திருந்துவிட்டு செயின் பிளாக்கைத் திருப்பி அனுப்பினார். பார்த்தால் கோயில் தேர் மாதிரி மின்னுகிறது! துருப்பிடிக்கிறதே, பாவம் என்று கொக்கி முதல் கடைசிக் கண்ணி வரை வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார். கண்ணியும் கண்ணியும் ஒட்டிக்கொண்டு, சங்கிலி கப்பியில் ஓடவே மாட்டேன் என்றது. அதைவிட மோசம், பெயிண்டுக்கு அடியில் இரும்பு எப்படி இருக்கிறது என்று தெரியாது.

மண்ணெண்ணெயும் கந்தலும் வைத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்துவிட்டார். என் கோலத்தைப் பார்த்து அவருக்கு வருத்தமான வருத்தம்.

“பொண்ண ஜோடிச்சு மறுவீட்டுக்கு அனுப்புத மாதிரி அனுப்பினேன். நீ முகத்தக் கழுவி விடுதியே தாயி.”

ஒரு கோடு

அவர் வந்தது அதே செயின் பிளாக்குக்காகத்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கிவிட்டால் அளத்துக் குழியில் இருக்கிற பம்பும் மோட்டாரும் முங்கிவிடும். உடனே தூக்கியாக வேண்டும். எங்க வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து வந்ததும் புறப்படத் தயாராகிவிட்டார். அதற்குள் பெயிண்ட் போன ஒரு கண்ணியில் என் நகம் மாட்டியது. அவர் சொல்லிக் கொடுத்தபடி மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, மேலே சாக்பீஸ் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையின் நடுவே ஈரமாக ஒரு கோடு. கீறலுக்குள் போன எண்ணெய் வெளியே கசிகிறது.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். முடி தண்டிக்குத்தானே இருக்கிறது, ஒரு தடவை தாங்காதா என்றார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே, மெதுவாகத் தூக்கிக்கொள்ளலாம் என்றார். பாதி உலை அரிசி அவரைப் பேசவைத்தது. எங்கள் மற்றச் சங்கிலிகள் வேலையில் தொங்குகின்றன, இந்த வேளையில் வேறு கடையிலும் கிடைக்காது. மதுரைக்குப் போய்ப் புதுச் சங்கிலி வாங்கி வந்தால் மறுநாள்தான் வேலை நடக்கும். அந்தக் குழியில், அந்தப் பம்புக்கு அடியில் நிற்கப்போவது யார் என்று எனக்குத்தானே தெரியும்! வாதாட எனக்கு வராது. பிள்ளையைத் தூக்கிச் சங்கிலிக் குவியல் மேலே உட்கார வைத்தேன். இவளை இறக்கிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். பிள்ளை அண்ணாச்சியைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். அவர் வானத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“ஏலே, மதுரைக்குக் கிளம்பு. இந்த ரெண்டு பொம்பிளையகிட்ட யாரு பேச?”

மழை

மறுநாள் புதுச் சங்கிலி வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. சங்கிலி வந்து சேர்ந்த பிறகு, கொட்டுகிற மழையில்தான் பம்பைத் தூக்கினார்கள். மோட்டார் முங்கி, உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, காயில் என்பார்கள், அதெல்லாம் போய்விட்டது. செய்தி என் காதுக்கு வந்தது. நான் ஒரு நாள் நிறுத்தியதால் வந்த நஷ்டம். இனி அண்ணாச்சி எங்கள் படி ஏற மாட்டார், உலையில் பாதி போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் தெப்பலாக நனைந்து வந்து நின்றார்கள். துண்டு கொடுத்தேன், சுக்குக் காப்பி கொடுத்தேன். அண்ணாச்சி காப்பியை ஊதி ஊதிக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“மோட்டாருக்கு வேற காயில் கட்டிக்கிடலாம் தாயி. ஒன் மாப்பிள்ளைக்கு எங்க போய்க் கட்ட?”

அதற்குப் பிறகும் அவர் எங்களிடம்தான் வருகிறார். அவர் இருக்கிற திசைக்கு நான் தினம் ஒரு கும்பிடு போடுகிறேன்.

மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பொழுது சாய வீட்டுக்காரர் தன் காலால் நடந்து வந்து, குழம்பு நன்றாக இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அன்றைக்குச் சங்கிலி நன்றாக இருந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியது.